சிறிய செய்தித்தளத்துக்குப் பணம் திரட்டப் போகிறவர்களுக்கு

சம்பளத் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது வங்கியிலிருந்து போன் வந்தது. "வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வந்திருக்கு. என்ன விஷயமா வந்ததுன்னு ஒரு டாக்குமெண்ட் கொடுத்தா வரவு வச்சிடறோம்." சின்ன விஷயம்தான். ஒப்பந்தம் இருந்தது. ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி, வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலில் கிடந்தது. அவரைத் தேடிப் பிடித்து, கடவுச்சொல்லை மீட்டு, அச்செடுத்துக் கொடுப்பதற்குள் பதினோரு நாள் ஓடிவிட்டது. அந்த மாதம் ஆறு பேருக்குச் சம்பளம் தள்ளிப்போனது. சோதனை இல்லை, வழக்கு இல்லை, யாரும் எங்களை மிரட்டவில்லை. ஒரு காகிதம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

நான் பல வருடம் சிறிய செய்தித்தளங்களில் கணக்கு பார்த்தவன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோருமே பெரிய அடியை எதிர்பார்த்து நிற்பார்கள். நிதி விஷயத்தில் நான் பார்த்த வரையில் ஆளைக் கவிழ்ப்பது இரண்டுதான். ஒன்று, ஒரே இடத்துப் பணத்தை நம்பியிருப்பது. இன்னொன்று, காகிதம் சரியாக இல்லாதது. அரசு அழுத்தம் கொடுக்க நினைத்தால் முதலில் தேடுவதும் இந்த இரண்டு ஓட்டைகளைத்தான். கீழே சொல்வதெல்லாம் அவற்றை அடைக்கிற வேலை. இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் போங்கள். வக்கீலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வேலை: உங்களைக் கட்டுப்படுத்துவது எந்த வகைச் சட்டம்?

வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஊடகங்களையும் அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எல்லாவற்றையும் வெளிநாட்டு முகவர் சட்டம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு மாதிரி கடிக்கும்.

சில சட்டங்கள் 'வெளிநாட்டு முகவர்' என்று முத்திரை குத்தும். இவற்றுக்கெல்லாம் முன்னோடியாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம். நாஜி பிரசாரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டார் ஒருவருக்காக, அவர் சொல்படி நீங்கள் செயல்படுகிறீர்களா என்பதுதான் அதில் மையக் கேள்வி. பின்னால் வந்த பல சட்டங்கள் அந்தக் கேள்வியைக் கழற்றிவிட்டு, பணம் வந்திருந்தாலே போதும் என்று ஆக்கிக்கொண்டன. "நாங்கள் அமெரிக்கா செய்ததைத்தானே செய்கிறோம்" என்று அமைச்சர்கள் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யா 2012இல் தொண்டு நிறுவனங்களுக்கும் 2017இல் ஊடகங்களுக்கும் இந்த முத்திரையைக் கொண்டுவந்தது. முத்திரை பெற்ற ஊடகம் ஒவ்வொரு செய்தியிலும், சமூக வலைதளப் பதிவிலும்கூட, 24 சொற்கள் கொண்ட அறிவிப்பு ஒன்றைப் பெரிய எழுத்தில் போட வேண்டியிருந்தது. அதில் தடை என்று ஒரு வார்த்தையும் கிடையாது. விளம்பரதாரர் ஓடிப்போக அந்த 24 சொற்களே போதுமானதாக இருந்தன.

சில சட்டங்கள் வரம்பு வைக்கும். ஜார்ஜியாவில் 2024 மே மாதம் நிறைவேறிய சட்டப்படி, ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்போ ஊடகமோ, வெளிநாட்டுச் சக்தியின் நலனைப் பேணுவதாகத் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் நிதியுதவி பற்றிய சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வெளிநாட்டு நிதியுதவி வாங்குவதற்கே அரசின் ஒப்புதல் தேவை என்றானது. ஒரு வருடத்துக்குள் சட்டத்தின் வகையே மாறிவிட்டது, பாருங்கள்.

சில இடங்களில் நேரடித் தடையே உண்டு. இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், பத்திரிகையின் நிருபர், கட்டுரையாளர், கேலிச்சித்திரக்காரர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எவரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தில், வழக்கமான தொழிலில் செய்த வேலைக்கு வரும் கட்டணம் நன்கொடைக் கணக்கில் வராது. நன்கொடைக்கும் கட்டணத்துக்கும் இடையிலான இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு விலைப்பட்டியல்கூட அனுப்பாதீர்கள். அப்புறம் வரி. எல் சால்வடார் 2025 மே மாதம் கொண்டுவந்த சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் 30 சதவீதத்தை வரியாகக் கேட்கிறது. ஹங்கேரியின் வழி வேறு. 2023 டிசம்பரில் இறையாண்மைப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். அது அபராதம் போடாது. விசாரிக்கும், அறிக்கை விடும். 2024இல் ஆட்லாட்சோ என்ற புலனாய்வுத் தளம் அதன் விசாரணைக்கு ஆளானது.

சரி, வக்கீலிடம் என்ன கேட்பது? "சட்டம் என்ன சொல்கிறது" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் இருபது பக்கக் கருத்துரையும் அதற்கேற்ற பில்லும் வரும். இந்தக் கேள்விகளுக்கு இரண்டு பக்கத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டில் வாழும் நம் நாட்டுக் குடிமகன் தரும் பணம் வெளிநாட்டுப் பணமா? யூடியூப், கூகுள் விளம்பர வருமானம் எந்தக் கணக்கில் வரும்? சதவீத வரம்பு இருந்தால், அது எந்த ஆண்டின் வருமானத்தை வைத்து? தண்டனை நிறுவனத்துக்கா, கையெழுத்திட்ட ஆளுக்கா? சட்டம் வருவதற்கு முன் வாங்கிய பணத்துக்கும் பொருந்துமா? யூடியூப் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிறிய தளத்துக்கு அதுவே மிகப் பெரிய வெளிநாட்டு வரவாக இருக்கக்கூடும்.

இரண்டாவது: குழாய்களை எண்ணுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். இடது பக்கம் பணம் வரும் வழிகள்: வாசகர் சந்தா, உள்நாட்டு நன்கொடை, விளம்பரம், வெளிநாட்டு நிதியுதவி, பயிற்சிக் கட்டணம், இப்படி. மேலே பன்னிரண்டு மாதங்கள். கீழே கடைசி வரியில் மாதச் செலவு. அப்புறம் ஒவ்வொரு வரியாக அழித்துப் பாருங்கள். இந்த வரி நாளைக்கே நின்றால் சம்பளம் எத்தனை மாதம் ஓடும்? எந்த வரியை அழித்தாலும் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். ஒரு வரியை அழித்ததும் அடுத்த மாதமே சிவப்பாகிறது என்றால், அந்தப் பணம் கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, உங்கள் கழுத்து அவர் கையில் இருக்கிறது.

இதை வெறும் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபரின் ஒரே ஆணையில் வெளிநாட்டு உதவிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பல நாடுகளில் சிறிய ஊடகங்கள் அடுத்த சில வாரங்களில் ஆட்களைக் குறைத்தன. அந்த ஊடகங்களின் மீது யாருக்கும் கோபம் இல்லை. அவர்களுடைய அரசு அழுத்தம் கொடுத்து மூட முடியாததை, பணம் கொடுத்த நாட்டின் உள்ளூர் அரசியல் மூடிவிட்டது.

எந்த ஒரு வழியும் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. முதல் இரண்டு வருடம் இது நடக்காது. பரவாயில்லை. தாள் இருந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றாவது தெரியும்.

மூன்றாவது: வாசகரிடம் கேளுங்கள், கூச்சப்படாமல்

பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில் வைப்பார்கள். நான் இங்கேயே வைக்கிறேன், ஏனென்றால் சட்டத்தால் எளிதில் அடைக்க முடியாத குழாய் இது ஒன்றுதான். பத்தாயிரம் பேர் தரும் சிறு தொகையை அந்நியச் சதி என்று மேடையில் சொல்லலாம். நீதிமன்றத்தில் நிறுவுவது கஷ்டம்.

மலேசியாவின் செய்தித்தளமான மலேசியாகினி 2021 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் கட்ட வேண்டி வந்தது. வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காகத் தளத்துக்கு விதித்த அபராதம் அது. வேண்டுகோள் விடுத்த சில மணி நேரத்திலேயே முழுத் தொகையும் வாசகர்களிடமிருந்து வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு "நெருக்கடி வந்தால் கேட்டுக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தளம் தொடங்கியது 1999இல். சந்தா கட்டிப் படிக்கும் பழக்கத்தை வருடக்கணக்காக வளர்த்து வைத்திருந்தார்கள். புதுத் தளத்துக்கு அப்படி யாரும் ஓடி வரமாட்டார்கள்.

மெடுசாவின் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. ரஷ்ய மொழியில், லாத்வியாவிலிருந்து வெளிவரும் தளம். 2021 ஏப்ரல் 23 அன்று முத்திரை விழுந்தது. ஒரே வாரத்தில் விளம்பரதாரர்கள் விலகினார்கள். அந்த வாரமே வாசகரிடம் கையேந்தி, ரஷ்யாவுக்குள் ஏறக்குறைய 30 ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். 2022 மார்ச்சில் போரை ஒட்டி விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவிலிருந்து விலகியதும் அந்த 30 ஆயிரம் பேரின் பணமும் நின்றது. உலகின் மற்ற பகுதிகளில் உள்ளவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் 'வேண்டத்தகாத அமைப்பு' என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு ரஷ்யாவுக்குள்ளிருந்து அவர்களுக்குப் பணம் அனுப்புவதே வழக்குக்குரிய குற்றம்.

இதிலிருந்து இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கும் வழி ஒன்றாக இருக்கக் கூடாது. அட்டை, வங்கிப் பரிமாற்றம், செல்போன் வழிப் பணம் என்று குறைந்தது இரண்டு வழிகள், வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கட்டும். இன்னொன்று, கொடுத்தவர் பட்டியல். வரிச் சட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அந்த விவரத்தை மட்டும் வாங்குங்கள். முகவரி, தொழில், பிறந்த நாள் எதற்கு? கேட்காத விவரம் கசியாது. இருக்கிற பட்டியலைப் பூட்டி வையுங்கள். அதைப் பார்க்க இரண்டு பேருக்கு மேல் தேவையில்லை. எத்தனை வருடத்துக்குப் பிறகு அழிப்பீர்கள் என்பதைச் சட்டத்தைப் பார்த்து இப்போதே எழுதி வையுங்கள். விசாரணை வந்த பிறகு அழித்தால் அதற்குப் பெயர் வேறு.

கேட்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. "ஜனநாயகத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் கைதட்டுவார்கள், பணம் வராது. "இந்தக் கட்டுரைக்காக எங்கள் நிருபர் நான்கு முறை பயணம் போனார், இரண்டு மனுக்கள் போட்டார், ஒரு வக்கீல் வரிவரியாகப் படித்துப் பார்த்தார். மொத்தச் செலவு இவ்வளவு" என்று கட்டுரையின் அடியிலேயே எழுதுங்கள். மாதா மாதம் தருகிற பத்து பேர், ஒரே முறை தருகிற நூறு பேரைவிட மேல். ஒருவர் நிறுத்தினால் ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அட்டை காலாவதி ஆகியிருக்கும்.

நான்காவது: உள்நாட்டிலேயே மற்ற பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்பு, தரவு ஆய்வு, மொழிபெயர்ப்பு, நிகழ்ச்சிகள், பிற ஊடகங்களுக்குச் செய்தி விற்பது எல்லாம் நல்ல பணம். உழைத்த காசு என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு. ஆனால் ஆசிரியர் குழுவின் நேரத்தைத் தின்னும். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் போகவிடாதீர்கள்.

தனியார் விளம்பரம் வாங்கலாம், ஆனால் அதை நம்பி ஆளெடுக்காதீர்கள். விளம்பரம் கொடுத்த கம்பெனிக்கு எங்கிருந்தோ ஒரு போன் போகும். மறுநாள் "பட்ஜெட் இல்லை சார்" என்பார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்காது. அரசு விளம்பரம் இன்னும் மோசம். துருக்கியில் அரசு அறிவிப்பு விளம்பரங்களை விநியோகிக்கும் அமைப்பு, விமர்சன ஏடுகளுக்கு விளம்பரத் தடை விதித்துக்கொண்டே இருந்தது. அது பத்திரிகைச் சுதந்திரத்தை மீறுவதாக அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே 2022இல் சொல்ல வேண்டி வந்தது. தீர்ப்பு வரும் வரைக்கும் அந்த ஏடுகள் எதைக் கொண்டு தாளுக்குக் காசு கொடுத்திருக்கும்?

ஐந்தாவது: வெளிநாட்டு நிதியுதவி, சட்டம் அனுமதித்தால்

அனுமதிக்காவிட்டால் வாங்காதீர்கள். நண்பரின் கம்பெனி வழியாக, உறவினர் கணக்கு வழியாக, ரொக்கமாக என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். அசர்பைஜானில் அப்சாஸ் மீடியா என்ற ஊழல் எதிர்ப்புத் தளத்தின் அலுவலகத்தில் 2023 நவம்பரில் சோதனை நடந்தது. 40 ஆயிரம் யூரோ ரொக்கம் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது. அதைப் போலீசே கொண்டுவந்து வைத்தது என்றார்கள் பத்திரிகையாளர்கள். வெளிநாட்டுப் பணத்தைக் கடத்தினார்கள் என்று வழக்குத் தொடங்கி, 2025 ஜூனில் ஏழரை முதல் ஒன்பது ஆண்டு வரை சிறை விதித்தார்கள். எந்தத் தவறும் செய்யாதவர்களுக்கே இந்த நிலைமை என்றால், நிஜமாகவே மேசைக்கடியில் பணம் வாங்கினால் உங்களுக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். அலுவலகத்தில் தேநீர்ச் செலவுக்கு மேல் ரொக்கம் வைக்காதீர்கள்.

சட்டம் அனுமதித்தால், கேட்பதற்கு முன் அவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான நிதி 'திட்டத்துக்கு' வரும். பருவநிலை பற்றிப் பத்துக் கட்டுரை, தேர்தல் பற்றி ஆறு வீடியோ என்ற மாதிரி. இதில் வாடகையும் கணக்காளர் சம்பளமும் வராது. அதனால் நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு கேளுங்கள். புதியவர்கள் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். கொடுக்கிறவர்கள் எதிர்பார்த்துத்தான் இருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் புரட்டுவது நான்கு இடங்களை. வெளியிடும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்லும் வரி இருக்கிறதா? இருந்தால் அடியுங்கள், அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டம் மாறினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா? நடுவில் நிறுத்தினால், அதுவரை ஒப்புக்கொண்ட சம்பளத்துக்குப் பணம் தருவார்களா? மீதித் தொகையை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்? கடைசிக் கேள்வியைச் சிரிக்காமல் படியுங்கள். கணக்கு முடக்கப்பட்டிருக்கும்போது முப்பது நாளில் திருப்பிக் கொடு என்று கடிதம் வந்து நான் பார்த்திருக்கிறேன்.

பங்கு, முதலீடு என்ற பேச்சு வந்தால் இன்னும் நிதானம் தேவை. பிலிப்பைன்ஸில் ராப்ளர் என்ற செய்தித்தளம் 2015இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஒமிடியார் நெட்வொர்க்கிடமிருந்து, பங்கு அல்லாத ஒருவகைப் பத்திரத்தின் வழியாக முதலீடு பெற்றது. அந்த நாட்டு அரசியல் சட்டம் ஊடக உரிமையை முழுக்கக் குடிமக்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. பத்திரத்தில் இருந்த ஒரு நிபந்தனை வெளிநாட்டாருக்குக் கட்டுப்பாடு தருகிறது என்று சொல்லி, 2018 ஜனவரியில் நிறுவனப் பதிவையே ரத்து செய்ய ஆணை வந்தது. அடுத்த மாதமே அந்தப் பத்திரங்களை ராப்ளரின் நிர்வாகிகளுக்கே ஒமிடியார் தானமாகக் கொடுத்துவிட்டது. இருந்தும் அந்த ஆணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ய 2024 ஆகிவிட்டது. ஒரு நிபந்தனைக்கு ஆறு வருடம்.

ஆறாவது: கோப்பு

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு கோப்பு. அதில் கையெழுத்தான ஒப்பந்தம், பணம் வந்த வங்கித் தாள், எதற்குச் செலவானது என்ற ரசீதுகள், கொடுத்தவருக்கு அனுப்பிய அறிக்கை, வரி கட்டிய சான்று. அச்சில் ஒன்று, மறைகுறியாக்கி வேறிடத்தில் ஒன்று. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் சலித்துக்கொள்வார், என் ஆசிரியரும் சலித்துக்கொண்டார், அந்தப் பதினோரு நாள் வரைக்கும்.

ஆடிட்டரை வருடக் கடைசியில் தேடாதீர்கள். உங்கள் துறையைத் தெரிந்த ஒருவரை முதல் மாதமே பிடியுங்கள். விமர்சன ஊடகத்தை மடக்க வருகிற வழக்கு பெரும்பாலும் எழுத்தைப் பற்றியதாக இருக்காது. வரி, தொழிலாளர் சேமநிதி, வாடகை ஒப்பந்தம், மென்பொருள் உரிமம் என்று வரும்.

அப்புறம், யார் பணம் கொடுத்தார்கள் என்று உங்கள் தளத்திலேயே நீங்களே போட்டுவிடுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் தந்த ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரும், தொகையும், எதற்கு என்பதும். வாசகர்களின் சிறு தொகைகளை மொத்தமாக மட்டும் காட்டுங்கள், பெயர் வேண்டாம். பக்கத்திலேயே, பணம் கொடுத்தவர் செய்தியைத் தொட முடியாது என்ற விதியையும் எழுதுங்கள். கொடுத்தவரைப் பற்றியே செய்தி எழுத நேர்ந்தால் அந்தச் செய்திக்குள்ளேயே அதைச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் ஒருவர் உங்கள் நிதிப் பட்டியலை ரகசிய ஆவணம் மாதிரி ஆட்டிக் காட்டும்போது, "அது எங்கள் தளத்தில் மூன்று வருடமாக இருக்கிறதே" என்று சொல்ல முடிவது பெரிய நிம்மதி.

ஏழாவது: முத்திரை வந்துவிட்டால்

அன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள். முடிவு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிவு செய்துகொள்வதா, எதிர்த்து வழக்குப் போடுவதா, வெளிநாட்டு நிதியை விட்டுவிடுவதா, நிறுவனத்தைக் கலைப்பதா, நாடு மாறுவதா என்ற ஐந்து வழிகளையும் அமைதியான ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். யாருக்குச் சிறைப் பயம், யாருக்கு வயதான பெற்றோர், யாரால் கிளம்ப முடியும் என்பதெல்லாம் வெளிப்படையாக வரட்டும்.

நாடு மாறுவது நடக்காத காரியம் இல்லை. ஹிமால் சௌத்ஏசியன் இதழ் காத்மாண்டுவில் 2016இல் நின்றது. நிதியுதவிகளுக்கு ஒப்புதல் தராமல் அலுவலகங்கள் இழுத்தடித்தன. தடை உத்தரவு என்று ஒன்றும் கிடையாது. 2018இல் கொழும்பிலிருந்து திரும்ப வந்தது. எல் சால்வடாரின் எல் ஃபாரோ என்ற செய்தித்தளம், 2023 ஏப்ரலில் தன் சட்டப்பூர்வ இருப்பிடத்தைக் கோஸ்டா ரிகாவுக்கு மாற்றிக்கொண்டது. ஆனால் பதிவு மட்டும்தான் விமானம் ஏறும். நிருபர்கள் பலர் உள்ளே இருப்பார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து போகும் சம்பளமே அவர்களை வெளிநாட்டு முகவராக்கிவிடுமா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, தொடங்கும்போது யாருக்கும் திறக்க மனம் வராது. மூடினால் எல்லோருக்கும் மூன்று மாதச் சம்பளம், வக்கீலுக்கு ஒரு தொகை, சர்வர் வாடகை ஒரு வருடத்துக்கு. பழைய கட்டுரைகள் மறையாமல் இருக்க அந்த ஒரு வருட வாடகை. இதைத் தனி வங்கிக் கணக்கில் மாதம் கொஞ்சமாகப் போட்டு வையுங்கள். எங்கள் தளத்தில் அதற்கு யாரோ 'மழைக்காசு' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும், அதில் ஒன்று ஆசிரியருடையதாக இருக்கக் கூடாது. ஆசிரியர்கள் நல்ல கட்டுரை ஒன்றுக்காக எதையும் உடைத்துவிடுவார்கள்.